விற்காரன் உள்ள வெள்ளிக்காசு: பாரசீகச் சிக்லோஸ்தானா? போர்க்காலக் காசு என்று எழுதலாமா?

கல்முனை_ரீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம், ஸலாம். பாடசாலை வரலாற்றுக் கண்காட்சியில் "போரும் காசும்" என்று ஒரு மேசை போடுகிறோம். அதில் வைக்கச் சொல்லி ஒருவர் வெள்ளிக்காசு ஒன்றை இரவலாகத் தந்திருக்கிறார். பழைய பாரசீக மன்னர் டேரியசின் முகம் பொறித்தது, கிரேக்கரோடு நடந்த போருக்கென்றே அடித்தது, சம்மாந்துறைப் பக்கம் வயல் உழும்போது கிளம்பியது என்பது அவர் சொல்லும் கதை. கண்காட்சி முடிந்ததும் பாடசாலையே வாங்கிக்கொண்டாலும் அவருக்குச் சந்தோஷமாம்.

எடை 5.31 கிராம். தராசு 0.01 கிராம் வரை காட்டும். நீள்வட்ட வடிவம், நீளம் 16 மி.மீ., அகலம் 13 மி.மீ., நடுவில் தடிப்பு 4 மி.மீ. முன்பக்கம் தாடி வைத்த ஆள் ஒரு முழங்காலை மடித்து ஓடுவதுபோல நிற்கிறார். இடக்கையில் வில். வலக்கையில் நீளமாக ஏதோ ஒன்று, ஈட்டியா குத்துவாளா என்று பிடிபடவில்லை. பின்பக்கம் படம் எதுவுமில்லை, நீள்சதுரமாக ஒரு குழி மட்டும். முன்பக்க ஓரத்தில் சின்னதாக இரண்டு குத்து அடையாளங்கள். நிறம் நல்ல வெள்ளை, ஓரத்தில் ஓரிடத்தில் இலேசான செம்மை.

கேட்க இருப்பது மூன்று. காசைக் கெடுக்காமல் வீட்டிலேயே என்ன சோதனை செய்யலாம்? இது எந்த மன்னர்? போர்க்காலக் காசு என்று அட்டையில் எழுதினால் சரியா?

---

தாழங்குடா_தராசு எழுதியது:

ரீச்சர், செய்யக்கூடாததை முதலில் சொல்லிவிடுகிறேன். தட்டாரிடம் கொடுத்து உரைகல்லில் உரைக்க வேண்டாம், அமிலத்துளி வைக்க விட வேண்டாம். தேசிக்காய், புளி, பற்பொடி எதுவும் போட வேண்டாம். நிலத்தில் போட்டு ஓசை கேட்கும் வேலை அறவே கூடாது. மண்ணுக்குள் நூற்றாண்டுக்கணக்கில் கிடந்த வெள்ளி உள்ளுக்குள் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், விழுந்தால் இரண்டாகப் போகும். காந்தம் பிடித்துப் பார்ப்பதிலும் பெரிய பலனில்லை. இரும்பா என்பதை மட்டும் அது காட்டும். வெள்ளியும் ஒட்டாது, செம்பும் ஒட்டாது.

நீங்கள் தந்த எடையும் அளவும் சிக்லோசுக்கு, அதாவது பழைய பாரசீகப் பேரரசின் வெள்ளிக்காசுக்கு, பொருந்துகின்றன. ஆரம்பகாலச் சிக்லோஸ் 5.35 முதல் 5.40 கிராம் வரை நிற்கும், பிற்காலத்தது 5.55 முதல் 5.60 வரை. தேய்மானத்தைச் சேர்த்துப் பார்த்தால் 5.31 வருவதில் ஆச்சரியமில்லை. ஆனால் போலி செய்பவனிடமும் தராசு இருக்கும். ஆகவே எடை சரியாக வந்ததால் மட்டும் எதுவும் நிரூபணமாகாது, அடர்த்தியைப் பார்க்க வேண்டும்.

ஒரு சின்னக் கிளாசில் முக்கால்வாசி சுத்தமான தண்ணீர் எடுத்துத் தராசில் வைத்துப் பூச்சியமாக்குங்கள். காசை மெல்லிய தங்கூசியில் (மீன்பிடி நைலோன் நரம்பு) கட்டுங்கள். பருத்தி நூல் தண்ணீரை உறிஞ்சிக் கணக்கைக் குழப்பும். கிளாசின் இரண்டு பக்கமும் கொப்பி அடுக்கி, மேலே குறுக்காக அடிமட்டம் வைத்து அதில் தங்கூசியைத் தொங்கவிடுங்கள். கொப்பியோ அடிமட்டமோ தராசையும் கிளாசையும் தொடக்கூடாது. காசு முழுதாக முங்க வேண்டும், அடியிலும் பக்கத்திலும் முட்டக்கூடாது. கையால் தூக்கிப் பிடித்தால் நடுக்கத்தில் இலக்கம் நிற்காது. மின்விசிறியை நிறுத்துங்கள், சாளரத்தையும் சாத்துங்கள்.

அப்போது தராசு காட்டும் எண்தான் காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை. காசின் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி. சுத்த வெள்ளி 10.49, செம்பு 8.96, ஜேர்மன் சில்வர் (வெள்ளியே இல்லாத செம்பு, நிக்கல், நாகக் கலவை) 8.6க்குக் கிட்ட. அதாவது உங்கள் 5.31 கிராம் நல்ல வெள்ளியானால் 0.51 அல்லது 0.52 காட்ட வேண்டும். முழுச் செம்பென்றால் 0.59, ஜேர்மன் சில்வரென்றால் 0.61 அல்லது 0.62.

இதில் வழக்கமாகப் பிழைப்பது காற்றுக்குமிழி. பின்பக்கக் குழிக்குள்ளும் குத்து அடையாளங்களுக்குள்ளும் குமிழி ஒளிந்திருந்தால் ஒதுங்கும் தண்ணீர் கூடி, நல்ல வெள்ளியும் மட்டமாகத் தெரியும். தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டு, காசைச் சாய்த்து மெல்ல இறக்கிக் குமிழியைக் கிளப்பிவிட்டு அளவுங்கள். மூன்று நான்கு தரம் அளந்து, ஒத்துவரும் எண்ணை எடுங்கள். மறுகா ஒன்று: 0.01 தராசில் ஒரு புள்ளி கூடினாலோ குறைந்தாலோ அடர்த்தி 0.2 அளவு தள்ளிப்போகும். வெள்ளியா செம்பா என்று பிரிக்க அது போதும், 98 வீத வெள்ளியா 92 வீதமா என்று சொல்லப் போதாது. நகைக்கடைத் தராசு மில்லிகிராம் காட்டும், கிடைத்தால் அதில் செய்யுங்கள். நம் ஊர் 30 பாகை வெப்பத்தில் தண்ணீரின் அடர்த்தி குறைவது அரை வீதம்கூட இல்லை, அதைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை.

கண்ணால் பார்க்க வேண்டியதும் கிடக்கிறது. சிக்லோஸ் அடித்த முறை இதுதான்: வெள்ளிக் கட்டியைச் சூடாக்கி, மன்னர் உருவம் வெட்டிய அச்சின்மேல் வைத்து, பின்னாலிருந்து நீள்சதுர முனை கொண்ட உளியால் ஓங்கி அடிப்பார்கள். அந்த உளி பதிந்த இடம்தான் பின்பக்கக் குழி. அடிக்கும் வேகத்தில் உலோகம் பிதுங்குவதால் ஓரத்தில் வெடிப்பு வரும். கட்டி சிறியது, அச்சுப் பெரியது என்பதால் மன்னரின் முடியோ பாதமோ வில்லின் நுனியோ வெளியே போய்விடும். முழு உருவமும் நடுவில் அழகாக உட்கார்ந்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வரும். பத்து மடங்கு லென்சில் ஓரத்தைச் சுற்றிப் பாருங்கள். வார்ப்பென்றால் இரண்டு பாதி அச்சு சேர்ந்த கோடோ அதை அராவிய தடமோ தெரியும். உருவத்தின் மடிப்புகளில் ஊசிமுனைத் துளைகள் இருக்கும், விளிம்புகள் சவர்க்காரக் கட்டியில் செதுக்கியதுபோல மழுங்கிக் கிடக்கும். அடித்த காசில் உலோகம் ஓடிய கோடுகள் கூர்மையாக நிற்கும்.

ஓரத்துச் செம்மைதான் எனக்கு உறுத்துகிறது. அந்த இடத்தை வெயில் வெளிச்சத்தில் பக்கவாட்டாக ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

---

மட்டுநகர்_பழங்காசு எழுதியது:

சோதனை விசயம் தராசு அண்ணன் சொன்னதோடு சரி. நான் மற்ற இரண்டு கேள்விக்கும் வருகிறேன்.

எந்த மன்னர் என்பதற்கு விடை இல்லை. சிக்லோசில் எழுத்து கிடையாது, பெயர் கிடையாது, ஆண்டு கிடையாது. இருப்பது ஒரு மன்னரின் முகமல்ல, மன்னர் என்ற பதவியின் உருவம். கூர்முனை முடி, மடிப்பு விழுந்த அரச அங்கி, தாடி, முதுகில் அம்பறாத்தூணி, கையில் வில். டேரியசுக்குப் பிறகு வந்த செர்க்சிசும் அர்தசெர்க்சிசுகளும் அதே உருவத்தையே வைத்துக்கொண்டார்கள். ஏறத்தாழ 200 ஆண்டு கிட்டத்தட்ட மாறாமல் ஓடிய படம் அது. "டேரியசின் முகம்" என்று எழுதினால் அந்த இடத்திலேயே அட்டை பிழைத்துவிடும்.

காலத்தைப் பிரிக்க உதவுவது கையில் உள்ள ஆயுதம். ஆய்வாளர்கள் நான்கு வகை வைத்திருக்கிறார்கள். முதலாவதில் மன்னர் இடுப்புக்கு மேல் அரை உருவம்தான், கையில் அம்புகள். இரண்டாவதில் முழந்தாளிட்டு வில்லை இழுத்து எய்கிறார். மூன்றாவதில் ஒரு கையில் ஈட்டி, மறுகையில் வில், ஓடும் நிலை. நான்காவதில் ஈட்டிக்குப் பதில் குத்துவாள். முதல் வகை வெள்ளியில் மட்டும் உண்டு. இரண்டாவது வகை கி.மு. 500 அளவிலேயே புழக்கத்தில் இருந்தது உறுதி, ஏனென்றால் பாரசீகத் தலைநகர் பெர்செபோலிசின் களிமண் ஏடு ஒன்றில் அந்தக் காசை முத்திரைபோல அழுத்தியிருக்கிறார்கள், அந்த ஏடு டேரியசின் 22ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. மூன்றாவது வகை அதற்குப் பிறகு நீண்டகாலம், நான்காவது கி.மு. 5ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி 4ஆம் நூற்றாண்டு வரை. உங்கள் காசில் ஈட்டியா வாளா என்று பார்க்க, முழங்காலுக்குக் கீழே பாருங்கள். ஈட்டியென்றால் உடலுக்குக் குறுக்காகச் சாய்ந்து கீழ்வரை கோடு போகும், அடிமுனையில் சிறு குமிழ் இருக்கும். வாளென்றால் இடுப்புக்கு அண்மையிலேயே முடிந்துவிடும்.

இந்த உருவத்தைத் தெரிவுசெய்ததில் அரசியல் இருக்கிறது. அதற்கு முன் இன்றைய துருக்கியின் மேற்கிலிருந்த சார்டிஸ் நகரில் அடித்தது லிடியா மன்னன் குரோசசின் சிங்கமும் எருதும் எதிரெதிரே நிற்கும் காசு. கி.மு. 546 அளவில் பாரசீகர் சார்டிசைப் பிடித்த பிறகும் அதையே தொடர்ந்து அடித்தார்கள். சிக்லோசின் எடைகூட குரோசசின் அரை ஸ்டேட்டர் (ஸ்டேட்டர் என்ற காசின் பாதி) எடைதான். டேரியஸ் வந்து எடையை அப்படியே விட்டுவிட்டு, படத்தை மட்டும் மாற்றினார். பெஹிஸ்துன் பாறையில் எதிரியை மிதித்துக்கொண்டு நிற்கும் டேரியசின் கையிலும் வில்தான். நக்ஷ்-இ-ருஸ்தம் கல்லறைக் கல்வெட்டில் தன்னை நல்ல வில்லாளி, நல்ல ஈட்டிவீரன் என்கிறார், பாரசீகனின் ஈட்டி வெகுதூரம் போயிற்று என்கிறார். வில்லும் ஈட்டியும் காசுக்கு வந்த வழி அது.

ஆனால் அந்தக் காசு யார் கைக்குப் போனது? சிக்லோஸ் குவியல்கள் கிடைப்பது பெரும்பாலும் சின்னாசியாவின், அதாவது இன்றைய துருக்கியின், மேற்குப் பகுதியில். பாரசீகத்தின் நடுநாட்டில் வெள்ளியை நிறுத்துத்தான் கொடுத்தார்கள். பெர்செபோலிஸ் அபதானா மண்டபத்து அடிக்கல் பெட்டிகளில் வைத்த காசுகளில் குரோசசின் பொன்னும் கிரேக்க வெள்ளியும் உண்டு, விற்காரன் ஒன்றும் இல்லை. கப்பமாக வந்த வெள்ளியை உருக்கி மண்சாடியில் ஊற்றி, ஆறியதும் சாடியை உடைத்துக் கட்டியாக வைப்பார்கள், தேவைப்படும்போது தேவையான அளவு வெட்டிக் காசடிப்பார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். அடிக்கும் தேவை எங்கே எழுந்தது? காசுக்குப் பழகிய கிரேக்கர் வாழ்ந்த மேற்கு எல்லையில். கி.மு. 499இல் அங்கிருந்த அயோனியக் கிரேக்கர் பாரசீகருக்கு எதிராகக் கிளர்ந்தார்கள், 498இல் சார்டிஸ் எரிந்தது. மன்னர் வில்லை இழுக்கும் காசு அந்த ஊர்ச் சந்தையில் அந்தக் காலத்திலேயே புழங்கியது.

போருக்கும் இந்தக் காசுக்கும் உள்ள உண்மையான தொடர்பு சம்பளம்தான். கிரேக்க எழுத்தாளர் செனபோன் ஒரு வாய்ப்பாடு தருகிறார்: ஒரு சிக்லோஸ் ஏழரை அத்திக ஒபோல் (ஏதென்சின் சிறு வெள்ளிக்காசு). ஒரு ஒபோல் 0.72 கிராம், பெருக்கினால் 5.4 கிராம் வரும். ஏட்டுக் கணக்கும் தராசுக் கணக்கும் ஒத்துப்போகின்றன. அதே விற்காரன் படமுள்ள பாரசீகப் பொற்காசு டாரிக், ஒன்று 20 சிக்லோஸ். டாரிக் 8.4 கிராம், ஹெரோடோட்டஸ் சொல்லும் ஒன்றுக்குப் பதின்மூன்று என்ற பொன் வெள்ளி விகிதமும் இதற்கு ஏறக்குறைய ஒத்துவரும். கி.மு. 401இல் பாரசீக இளவரசர் இளைய சைரஸ் தன் கிரேக்கக் கூலிப்படைக்கு மாதம் ஒரு டாரிக் கொடுத்தவர், அவர்கள் தார்சசில் முரண்டுபிடித்ததும் ஒன்றரையாக்கினார். ஒன்றரை டாரிக் 30 சிக்லோஸ், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு சிக்லோஸ். 10,000 பேருக்கு ஒரு மாதத்துக்கு 300,000 சிக்லோஸ், வெள்ளியாக நிறுத்தால் 1,600 கிலோவுக்கு மேல். பொன்னில் கொடுத்தால் 126 கிலோவோடு முடியும். படையோடு சுமந்து போகப் பொன் ஏன் வசதி என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல கணக்கு இல்லை.

கடற்படைக் கணக்கு இன்னும் சுவையானது. கி.மு. 407இல் அதே சைரஸ் ஸ்பார்ட்டாவின் தளபதி லிசாந்தருக்கு உதவ 500 தாலந்து வெள்ளியோடு சார்டிசுக்கு வந்தார். துடுப்பு வலிப்பவர்களின் நாட்கூலி 3 ஒபோல், அதை 4 ஆக்கினார். ஒரு கப்பலில் 200 பேர், மாதம் 30 நாள் என்றால் கப்பலுக்கு 4,000 திரக்மா (ஒரு திரக்மா 6 ஒபோல்). தாலந்துக்கு 6,000 திரக்மா, ஆக 500 தாலந்து 3,000,000 திரக்மா. 100 கப்பலை ஏழரை மாதம் ஓட்டலாம். ஒரே ஒரு ஒபோல் கூட்டியதால் ஏதென்ஸ் கப்பலில் இருந்தவர்களும் இந்தப் பக்கம் சாயத் தொடங்கினார்கள்.

"30,000 வில்லாளிகள் என்னை ஆசியாவிலிருந்து துரத்தினார்கள்" என்று ஸ்பார்ட்டா மன்னன் அகெசிலாஸ் சொன்னதாக ஒரு கதையை எல்லோரும் காசோடு சேர்த்து எழுதுவார்கள். வில்லாளி என்றது காசில் உள்ள படத்தை, பாரசீகப் பணமே தன்னைத் துரத்தியது என்பது பொருள். பிற்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் ஓரிடத்தில் 10,000 என்கிறார், இன்னோரிடத்தில் 30,000. கி.மு. 395 அளவில் கிரேக்க நகரங்களைத் தூண்டிவிட ரோட்ஸ் தீவைச் சேர்ந்த திமோகிராட்டிஸ் கொண்டுபோனது 50 தாலந்து பெறுமதி என்பது செனபோன் கணக்கு. 10,000 டாரிக் என்றால் ஏறத்தாழ 42 தாலந்து வரும், கிட்டத்தட்ட பொருந்துகிறது. 30,000 சிக்லோஸ் என்றால் ஆறேகால் தாலந்துதான். அந்த வில்லாளிகள் பொன் வில்லாளிகள் என்றே நான் எடுப்பேன். வெள்ளிக்காசின் அட்டையில் இந்தக் கதையை ஒட்ட வேண்டாம்.

"போருக்கென்றே அடித்தது" என்ற சொல் பொருந்தும் வெள்ளி வேறு உண்டு. கி.மு. 373இல் எகிப்தின்மீது போன படைக்குச் சற்று முன் சத்ராப் (பாரசீக மாகாண ஆளுநர்) பர்னபாசஸ் தார்சசில் அடித்த ஸ்டேட்டர், 10 கிராமுக்குச் சற்று மேல். ஒருபக்கம் தலைக்கவசம் போட்ட வீரனின் தலை, மறுபக்கம் அரியணையில் பாகால் என்ற தெய்வம், அரமாய எழுத்தில் பர்னபாசசின் பெயர். இன்றைய லெபனான் கரையிலுள்ள சீதோன் நகரின் பெரிய வெள்ளிக்காசில் ஒருபக்கம் போர்க்கப்பல், மறுபக்கம் தேரில் பேரரசர். 25 கிராமுக்கு மேற்பட்ட காசு அது. சிக்லோஸ் அப்படியல்ல. சமாதான காலத்திலும் அதே படத்தோடு சந்தையில் ஓடிய சில்லறை அது.

---

காத்தான்குடி_காசுப்பெட்டி எழுதியது:

பழங்காசு காக்கா மேற்குப் பக்கத்தை அலசிவிட்டார். நான் நம்ம பக்கத்தைச் சொல்கிறேன், ரீச்சர், மேசையில் மிச்ச இடம் இருந்தால்.

சிக்லோஸ் கிழக்கே வந்ததற்குச் சான்று இன்றைய பாகிஸ்தானிலுள்ள தட்சசீலத்தில் உண்டு. 1924இல் பீர் மேட்டுக் குவியலில் ஆயிரத்துக்கு மேற்பட்ட இந்திய முத்திரைக்காசோடு தேய்ந்த சிக்லோஸ் ஒன்றும் கிடைத்தது. சம்மாந்துறை வயல் வேறு கதை. களப்பை அண்டிய உப்பு மண்ணில் வெள்ளி கிடந்தால் மேலே சாம்பலும் ஊதாவும் கலந்த மெழுகுபோன்ற குளோரைட்டுப் படை ஏறும், நகத்தால் கீறினால் கீறும். நீங்கள் சொல்லும் நல்ல வெள்ளை நிறம் மண்ணிலிருந்து அப்படியே வந்த காசுக்கு இருக்காது. கழுவி மினுக்கியிருந்தாலும் குழிகளுக்குள் அந்தப் படை மிஞ்சி நிற்கும், பாருங்கள்.

இலங்கையோடு நேரடித் தொடர்புள்ள பாரசீக வெள்ளி இதற்கு ஆயிரம் ஆண்டு பிந்திய சாசானியர் என்ற பாரசீக அரச மரபினருடையது. கி.பி. 6ஆம் நூற்றாண்டில் கொஸ்மஸ் என்ற கிரேக்கர் எழுதி வைத்த கதை உங்கள் மேசைக்கென்றே செய்தது போல இருக்கும். இலங்கை மன்னர் முன்னிலையில் ரோம வணிகன் சோபாத்ரசும் ஒரு பாரசீகரும் நிற்கிறார்கள். உங்கள் இருவரில் யாருடைய மன்னர் பெரியவர் என்று மன்னர் கேட்கிறார். இரண்டு மன்னர்களும் இங்கேயே இருக்கிறார்களே, பார்த்துக்கொள்ளுங்கள் என்று சோபாத்ரஸ் காசுகளை எடுத்துக்கொடுக்கச் சொல்கிறான். ரோமப் பொற்காசு ஒரு பக்கம், பாரசீக வெள்ளித் திரக்மா மறுபக்கம். பொன் வென்றது, சோபாத்ரசை யானைமேல் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள். எழுதியவர் ரோமப் பக்கத்து ஆள் என்பதை மனதில் வைத்துப் படிக்க வேண்டும். கதை நடந்ததோ இல்லையோ, அரசர் முகத்தைக் காசில் வைத்து எடைபோடும் பழக்கம் இலங்கைத் துறைமுகத்தில் பழகிய ஒன்று என்றாவது தெரிகிறது.

அரசர் முகமும் போரும் வேண்டுமென்றால் சாசானிய மன்னர் இரண்டாம் கொஸ்ரோவின் திரக்மாவைப் போல வேறில்லை. 4 கிராமுக்குச் சற்று மேல், 30 மி.மீ. அகலம், கடதாசி போல மெல்லியது. சிக்லோசுக்கு நேர் எதிர். சாசானிய மன்னர் ஒவ்வொருவருக்கும் தனி முடி, அதை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம். கொஸ்ரோவின் முடியில் இரண்டு சிறகு, மேலே பிறையும் நட்சத்திரமும். பின்பக்கம் தீப்பீடமும் இரண்டு காவலரும். பீடத்தின் இடப்பக்கம் ஆட்சியாண்டு, வலப்பக்கம் அக்கசாலையின் குறி. அவர் 602 முதல் 628 வரை பைசாந்தியத்தோடு, அதாவது கிழக்கு ரோமப் பேரரசோடு, போரிட்டார், 614இல் ஜெரூசலத்தைப் பிடித்தார். அந்த ஆண்டுகளில் அவர் அடித்த வெள்ளிக்கு அளவில்லை, அதனால்தான் இன்றும் மலிவாகக் கிடைக்கிறது. அந்தப் பக்கத்தில் பைசாந்தியப் பேரரசர் ஹெராக்ளியஸ் 615இல் கொண்டுவந்த வெள்ளிக்காசில் "ஆண்டவரே, ரோமருக்குத் துணைசெய்யும்" என்ற வேண்டுதலையே பொறித்தார்கள். இரண்டின் படத்தையும் பெரிதாக அச்சிட்டுப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் மேசை பேசும். கொஸ்ரோ செத்த பிறகு அரபு ஆளுநர்களும் அவர் முகத்தை மாற்றாமல், ஓரத்தில் பிஸ்மில்லாஹ் சேர்த்து அடித்தார்கள். உமையா கலீபா அப்துல் மலிக்கின் சீர்திருத்தத்தில் 698 அளவில்தான் முகம் போய் எழுத்து மட்டும் வந்தது.

தூண்டில் முள்ளு மாதிரி வளைந்த வெள்ளிக் கம்பி யாரிடமாவது இருந்தால் அதையும் கேட்டுப் பாருங்கள். அது லாரின், 16ஆம், 17ஆம் நூற்றாண்டில் கண்டி இராச்சியத்தில் ஓடியது, பாரசீகத்து லார் நகரத்து வழியில் வந்த காசு. 5 கிராமுக்குச் சற்றுக் குறைவு.

---

கல்முனை_ரீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தங்கூசி கட்டி அளந்தோம், குமிழியையும் கிளப்பிவிட்டோம். ஒவ்வொரு முறையும் 0.58தான் காட்டுகிறது. படம் போட்டிருக்கிறேன். கீழ்வரை சாய்ந்த கோடும் அடியில் குமிழும் தெரிகின்றன, ஈட்டிதான். குழிக்குள் சாம்பல் படை எதுவும் இல்லை. செம்மை தெரியும் இடத்தில் வெள்ளி ஒரு தோல்போலக் கிளம்பி நிற்கிறது, அடியில் கொஞ்சம் பச்சை.

---

தாழங்குடா_தராசு எழுதியது:

5.31ஐ 0.58ஆல் வகுத்தால் 9.16. தராசுப் பிழையைச் சேர்த்தால் 9.0க்கும் 9.3க்கும் இடையில். வெள்ளி இல்லை. உள்ளே செம்பு, மேலே வெள்ளி.

இதனால் இது இன்றைய போலி என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். செம்புக் கட்டிக்கு வெள்ளித்தகடு சுற்றிய காசுகள் அந்தக் காலத்திலேயே நிறைய ஓடின. தகட்டைச் சுற்றிச் சூடாக்குவார்கள். வெள்ளியும் செம்பும் தொடும் இடத்தில் 780 பாகை அளவிலேயே கலவை உருகி ஒட்டிக்கொள்ளும், தனி வெள்ளிக்கு 960 பாகை வேண்டும். பிறகு அச்சில் வைத்து அடிப்பார்கள். சிக்லோசில் காணும் சின்னக் குத்து அடையாளங்களுக்கு ஒரு காரணமே இதுதான். காசு மாற்றுபவன் குத்திப் பார்த்து உள்ளே வெள்ளிதானா என்று அறிவான். நம் பக்கத்து முத்திரைக்காசிலும் இந்தப் பழக்கம் உண்டு.

பழைய தகடா, இன்றைய மின்முலாமா என்று பிரிக்க அந்தக் குத்து அடையாளங்களின் அடியைப் பாருங்கள். பழையதென்றால் தகடு குத்துக்குள் மடிந்தோ கிழிந்தோ இருக்கும், கிழிசலில் செம்பும் பச்சைக் களிம்பும் தெரியும். மின்முலாம் என்றால் குத்தும் வார்ப்போடு வந்ததே. ஆகவே வெள்ளி அதன் அடிவரை, ஓர வெடிப்பின் உள்வரை ஒரே சீராகப் பரவியிருக்கும், தடிப்பும் மயிரிழைகூட வராது. உங்கள் படத்தில் கிளம்பிய தோலுக்குக் கண்ணுக்குத் தெரியும் தடிப்பு இருக்கிறது, அடியில் களிம்பு வீங்கி மேலே தள்ளியிருக்கிறது. அது பழைய வேலைக்குச் சாதகமான அடையாளம். பாதகமானது அந்தப் பளிச்சென்ற வெள்ளை. மினுக்கியிருக்கலாம். இரண்டு குத்தையும் லென்சுக்கூடாகப் படமெடுத்துப் போடும்வரை ஒருபக்கம் சாய மாட்டேன். நகைக்கடை எக்ஸ்ரே கருவியில் காட்டினால் மேற்பரப்பை மட்டும் படித்து "95 வீதம் வெள்ளி" என்று சீட்டுத் தரும், அதை நம்பிவிட வேண்டாம்.

கிளம்பிய தோலை அழுத்தவோ பசை வைத்து ஒட்டவோ கூடாது. பிவிசி உறையில் போட்டால் பச்சைப் பிசின் ஊறி களிம்பு இன்னும் கூடும். அமிலமில்லாக் கடதாசியில் மடித்து, சிலிக்கா ஜெல் பையோடு மூடி இறுகிய கண்ணாடிப் போத்தலில் வையுங்கள். இறப்பர் வளையமும் பத்திரிகைத் தாளும் கிட்டவே வேண்டாம், இரண்டும் வெள்ளியைக் கறுப்பாக்கும்.

---

அக்கரைப்பற்று_ஆவணம் எழுதியது:

வாங்கும் பேச்சை இப்போதைக்கு நிறுத்துங்கள் ரீச்சர். இலங்கையில் கண்டெடுத்த, 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட பொருள் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்துக்குள் வரும். மண்ணுக்குள்ளிருந்து கிளம்பினால் அது அரசின் சொத்து, விற்க அவருக்கு உரிமையில்லை, வாங்கப் பாடசாலைக்கும் இல்லை. வயல் கதை உண்மையானால் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். கதை பொய்யானால், வெளிநாட்டிலிருந்து எப்படி வந்தது என்பதற்கு அவரிடம் சீட்டு இருக்க வேண்டும். இரண்டில் எது என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அத்தோடு விலைப் பேச்சே வராது.

---

மட்டுநகர்_பழங்காசு எழுதியது:

ஆவணம் தம்பி சொன்னது சரி. பதில் வரும்வரை காசைப் பூட்டி வைத்துவிட்டு, மேசையில் பெரிதாக்கிய படத்தை வையுங்கள்.

அட்டைக்கு இப்படி எழுதலாம்:

"சிக்லோஸ் வகைக் காசு, மூன்றாம் வகை. அகேமனிட் (டேரியசின் அரச மரபு) பாரசீகம், மேற்குச் சின்னாசியா. மூல வகையின் காலம் கி.மு. 5ஆம் நூற்றாண்டு. முன்: முடியணிந்த மன்னர், ஈட்டியும் வில்லும் ஏந்தி ஓடும் நிலை. பின்: உளிக்குழி. எடை 5.31 கிராம், அடர்த்தி 9.2 அளவு. செம்பின்மேல் வெள்ளித்தகடு, அக்காலப் போலியாகவோ பிற்காலப் போலியாகவோ இருக்கலாம். கிடைத்த இடம் உறுதிப்படுத்தப்படவில்லை."

பக்கத்தில் சம்பளக் கணக்கைப் போடுங்கள்: கி.மு. 401, கூலிவீரனுக்கு மாதம் ஒன்றரை டாரிக், வெள்ளியில் நாளுக்கு ஒரு சிக்லோஸ். 5.4 கிராம் வெள்ளிக்கம்பித் துண்டு ஒன்றையும் அதே எடைச் செம்புத் துண்டு ஒன்றையும் தட்டாரிடம் வெட்டி வாங்கி, தண்ணீர்க் கிளாசும் தராசும் வைத்துவிட்டால் பிள்ளைகள் 0.51 அல்லது 0.52ஐயும் 0.60ஐயும் தாங்களே அளந்து பார்க்கலாம். கம்பியை நீளமாக விடாமல் சுருட்டிக் கட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் கிளாசின் பக்கத்தில் முட்டும்.